முப்பதடி ரோடு யாருடையது?

மனை விளம்பர நோட்டீசில் ரோட்டுக்கு எப்போதும் முன்வரிசையில் இடம் உண்டு. ‘30 அடி தார் ரோடு, தெருவிளக்கு, பூங்கா, சுவையான நிலத்தடி நீர்’ என்று அடுக்கியிருப்பார்கள். இடம் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமை அந்த ரோடும் உண்மையிலேயே கருகருவென்று படுத்திருக்கும். பத்திரம் முடித்து, கடன் வாங்கி, வீடு கட்டி, பால் காய்ச்சிக் குடிவந்து, இரண்டு மழைக்காலம் போன பிறகுதான் அந்தக் கறுப்புக்குக் கீழே என்ன இருந்தது என்று தெரியவரும். பெரும்பாலும் செம்மண் கிராவல், அதன்மேல் ஒரு வரிசை ஒன்றரை ஜல்லி, அதற்கும் மேலே விரற்கடை கனம்கூட இல்லாத சிப்ஸ் கலந்த தார். மனை விற்கிற வரை தாங்க வேண்டும் என்ற கணக்கில் போட்ட ரோடு அது. கணக்குப்படியே தாங்கியும் விட்டது.

பள்ளம் விழுந்ததும் தெருக்காரர்கள் மனை போட்டவருக்குப் போன் அடிப்பார்கள். அவர் இன்னொரு ஊரில் இன்னொரு நகர் போட்டுக்கொண்டிருப்பார். “ரோட்டை எல்லாம் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்தாச்சே சார்” என்பார். பஞ்சாயத்து ஆபீசில் போய் நின்றால், “எங்க ரெஜிஸ்டர்ல அந்தத் தெருவே ஏறலையே” என்பார்கள். இரண்டு பதிலுக்கும் நடுவில் கிடக்கிறது முப்பதடி அகலத்தில் ஓர் அநாதை நிலம். வண்டலூர் தாண்டினால் இந்தக் கதை தெருவுக்குத் தெரு கிடைக்கும். கோவை, திருச்சி, மதுரைப் புறநகர்களிலும் கிடைக்கும். கேட்டுப் பார்த்தால் சேதி ஒன்றுதான்: ரோடு குண்டும் குழியும் ஆவதற்கு வெகுகாலம் முன்பே அது காகிதத்தில் உடைந்துபோயிருக்கும்.

ஆகவே சங்கத்தில் ரோடு பேச்சு எடுத்ததும் காண்டிராக்டரைக் கூப்பிடுவதை ஒரு மாதம் தள்ளிவைக்கலாம். முதலில் போக வேண்டிய இடம் சார்பதிவாளர் அலுவலகம்.

மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது சென்னைப் பெருநகர் எல்லைக்குள் சிஎம்டிஏ, வெளியே டிடிசிபி. இருவருமே ஒரு நிபந்தனை வைப்பார்கள்: வரைபடத்தில் காட்டிய ரோடுகளை உள்ளாட்சி அமைப்புக்கு இலவசமாகத் தானப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். பெரிய மனைப்பிரிவு என்றால் பூங்கா, விளையாட்டுத் திடல் போன்றவற்றுக்கான 10 விழுக்காடு திறந்தவெளியையும் சேர்த்து எழுதித்தர வேண்டும். அந்தப் பத்திரம் பதிவானதும் ரோடு ஊருக்குச் சொந்தம். பராமரிப்பும் ஊர்ப் பொறுப்பு. பதிவாகியிருக்கிறதா என்பதை யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. மனைப்பிரிவின் மூலச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தானப் பத்திரத்தின் எண்ணும் தேதியும் வந்து விழும். விழாவிட்டால், ரோட்டு நிலம் இன்னும் மனை போட்டவர் பெயரிலோ, அவருக்கு விற்ற விவசாயியின் பெயரிலோதான் நிற்கிறது. அவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் பெயருக்குப் போயிருக்கும். ரோட்டுக்கென்று விட்ட துண்டை, யாரும் கேட்க மாட்டார்கள் என்று மனையாக்கி விற்றுவிட்ட கூத்தும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

அனுமதி இல்லாமல் போட்ட நகர்களின் கதை இன்னும் சிக்கல். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டபோதுதான், தாங்கள் இருப்பது அப்படிப்பட்ட மனையில் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகள் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். தனித்தனி மனைக்காரர்கள் ஓடிப்போய்க் கட்டினார்கள், பத்திரம் ஆகவேண்டுமே. ரோட்டுக்காக ஓட யார் இருக்கிறார்கள்? மனை முறையாகி, மனைக்குப் போகும் வழி முறையாகாமல் நின்ற தெருக்கள் ஏராளம்.

புதிய மனைப்பிரிவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கதவு உண்டு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சுவாதீனம் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் வேலைத்தரத்திலோ வசதிகளிலோ குறை தெரிந்து எழுதிக் கொடுத்தால், 30 நாளுக்குள் காசு கேட்காமல் சரிசெய்வது மனை போட்டவர் பொறுப்பு என்கிறது. விரிசல் விட்ட சுவருக்கு இந்தப் பிரிவைப் பிடிக்கிறவர்கள், பெயர்ந்த ரோட்டுக்குப் பிடிப்பதில்லை. ‘புதுசுதானே, பார்த்துக்கலாம்’ என்று விட்டு, ஆறாம் ஆண்டில் சங்கம் கூட்டுகிறார்கள். மறக்காமல் செய்ய வேண்டியது, முதல் மழைக்குப் பிறகே தேதியோடு போட்டோ எடுத்து, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு வைப்பது.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் உள்ளது என்று நினைக்க வேண்டாம். யாரும் பொறுப்பேற்காத குடியிருப்புத் தெருக்கள் இங்கிலாந்திலும் உண்டு. 1972இல் எடுத்த கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து அப்படிப்பட்டவை சுமார் 40,000 என்று தேறியது. தெருவை ஒட்டி வீடு வைத்திருப்பவர்களே செப்பனிடும் செலவைச் சுமக்க வேண்டும் என்பது விக்டோரியா காலத்திலேயே அங்கே சட்டமாகிவிட்டது. ரோட்டைப் பார்த்தபடி இருக்கும் மனையின் அகலம் எவ்வளவோ, பங்கும் அவ்வளவு. இந்த யோசனை நமக்கும் கப்பலேறி வந்தது. மதராஸ் மாகாணத்தின் பழைய நகராட்சிச் சட்டங்களில் ‘தனியார் தெரு’ என்று தனிப் பகுதியே இருந்தது. சட்டம் வந்தது, தெருவுக்குத் தெரு அதைப் பிடித்து நடத்துகிற பழக்கம் வரவில்லை.

தண்ணீர் போகும் வழி

காகிதம் ஒருவாறு தெளிந்தால், அடுத்து சங்கக் கூட்டத்தில் வரும் கேள்வி ‘தாரா, சிமென்டா, பேவர் பிளாக்கா?’ என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

தாருக்குத் தண்ணீர் ஜென்ம விரோதி. ஜல்லியைப் பிடித்திருக்கும் தார், இடையில் நீர் புகுந்தால் பிடியை விட்டுவிடும். அதன் மேல் சக்கரம் ஏறி இறங்க, ஜல்லி ஒவ்வொன்றாகக் கழன்று வரும். கீழே மண் ஊறினால் அமுங்கும், அமுங்கிய இடத்தில் நீர் தேங்கும், தேங்கியது இன்னும் ஊறும். அதனால்தான் ரோட்டின் நடு மேடாகவும் ஓரம் சரிவாகவும் இருக்க வேண்டும் என்பது. தார் ரோட்டுக்கு வழக்கமான சரிவு நாற்பதுக்கு ஒன்று. 20 அடி அகல ரோட்டில் நடுவிலிருந்து ஓரம் பத்தடி. அப்படியானால் நடு, ஓரத்தைவிட மூன்று அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். நூல் பிடித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரி, நீர் ஓரத்துக்கு வந்துவிட்டது. அங்கே என்ன இருக்கிறது? ஒவ்வொரு வீட்டுக்காரரும் கார் ஏற்ற ரோட்டுக்குள் இரண்டடி நீட்டிக் கட்டிய சிமென்ட் சாய்வு. அதை ஒட்டி இரும்பு வேலி போட்ட செம்பருத்தி. தினமும் கார் கழுவிய தண்ணீர், வாஷிங்மெஷின் குழாயின் சோப்புத் தண்ணீர். காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு புறநகர்த் தெருவில் நடந்தால், மழையே இல்லாத சித்திரையிலும் ரோட்டோரம் ஈரமாக இருப்பதைப் பார்க்கலாம். தார் பெயர்வது அங்கேதான் தொடங்கும். சங்கக் கூட்டத்தில் காண்டிராக்டரைத் திட்டுகிறவர் வீட்டுச் சாய்வே வாய்க்காலை அடைத்துக்கொண்டு நிற்பது வேடிக்கை. ரோடு போட வசூல் கேட்டால் தருவார்கள். சாய்வை இடியுங்கள் என்றால் உறவு முறிந்துவிடும்.

இரண்டாவது எதிரி, நாமே போன் செய்து வரவழைக்கிற தண்ணீர் லாரி. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ரோடு போட்டு, அதன்மேல் லாரிகளை இரவு பகலாக ஓட்டி ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். வண்டி அச்சின் மேல் ஏறும் எடை கூடக்கூட, ரோட்டுக்கு நேரும் சேதம் அந்த எடையின் நான்காம் அடுக்காக ஏறும் என்பது அதில் தெரியவந்தது. எடை இரு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. பத்து மடங்கானால் பத்தாயிரம் மடங்கு. காரின் ஓர் அச்சு ஒரு டன்னுக்கும் குறைவு. 12,000 லிட்டர் லாரியில் தண்ணீர் மட்டுமே 12 டன். அதன் பின்னச்சு பத்து டன்னை எளிதாகத் தொடும். ஓஎம்ஆர் பக்கத்துக் குடியிருப்புகளுக்குக் கோடையில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி வருகிறது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அவற்றோடு செங்கல், எம்-சாண்ட், கம்பி ஏற்றிவரும் டிப்பர்களையும் சேர்க்க வேண்டும். தெருவில் பாதி மனை காலியாக இருக்கும்போது புது ரோடு போடுவது, வரப்போகும் டிப்பர்களுக்கு விரித்த கம்பளம்.

எனவே என்ன போடுவது என்பதைத் தெருவின் நிலைமைதான் சொல்ல வேண்டும். பாதாள சாக்கடை இன்னும் வரவில்லையா? சிமென்ட் ரோடு போட்டால் ஒருநாள் வெட்டி எடுப்பார்கள். வெட்டிய சிமென்ட் ரோட்டை ஒட்டுப்போட்டு யாரும் பழையபடி ஆக்கியதில்லை. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது உள்ளே வந்த மடிப்பாக்கம், உள்ளகரம் போன்ற பகுதிகளில் ரோடு, குழாய்க்காக வெட்டு, மறுபடி ரோடு என்று ஆண்டுகள் ஓடியதைப் பார்த்தோம். அப்படி வெட்டு வரவிருக்கும் தெருவுக்கு பேவர் பிளாக் புத்திசாலித்தனம். எடுத்து அடுக்கிவிட்டு, குழாய் பதித்து, திரும்ப வைத்துவிடலாம். ஆனால் 60 மில்லிமீட்டர் கல் காருக்கும் பைக்குக்கும்தான். லாரி வரும் தெருவில் 80 மில்லிமீட்டர் வேண்டும். இரு ஓரமும் சிமென்ட் கட்டை வைத்து இறுக்காவிட்டால், ஆறே மாதத்தில் கற்கள் விலகி நடுவில் பல் விழுந்துவிடும். எது போட்டாலும், போடுவதற்கு முன் இருபது முப்பதடிக்கு ஒன்றாகக் குறுக்கே காலிக் குழாய்களைப் புதைத்து வைப்பது மிகச் சிறிய செலவு. நாளை யாராவது கேபிளோ குடிநீர் இணைப்போ இழுக்க வந்தால் புது ரோட்டில் கடப்பாரை போட வேண்டியிராது.

பிளாஸ்டிக் ரோடு பற்றியும் கேட்பார்கள். அதன் பிறப்பே ஒரு தனியார் வளாகத்தில்தான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், 2002இல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே அதைப் போட்டுப் பார்த்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சூடான ஜல்லியின் மேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லிக்கு மேல்தோலாகப் படியும். பிறகு தார் சேர்ப்பார்கள். நீர் உள்ளே புகுவது குறையும், தாரும் கொஞ்சம் மிச்சம். நல்ல உத்தி. ஆனால் கீழே அடித்தளம் செம்மண்ணாகவே கிடந்தால் மேலே எதைக் கலந்தும் பயனில்லை.

மேலே மேலே

சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த இன்னொரு கொடுமை, உயர்ந்துகொண்டே போகும் ரோடு. பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒவ்வொரு தடவையும் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம். நாலு தடவை போட்டால் அரை அடி. வாசற்படி மூன்றிலிருந்து இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் வீட்டுக்குள் இறங்கிப் போகிற நிலை. ஜாக்கி வைத்து முழு வீட்டையும் தூக்கி நிறுத்துகிற தொழில் புறநகர்களில் செழித்தது இதனால்தான். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். பெரிய சாலைகளில் சுரண்டும் இயந்திரம் இப்போது கண்ணில் படுகிறது. ஒற்றைச் சந்துக்கு அது வராது, கட்டுப்படியாகாது என்பார் காண்டிராக்டர். உண்மையும் அதுதான். பக்கத்து நாலு தெருக்காரர்களும் சேர்ந்து ஒரே வேலையாகக் கொடுத்தால் கட்டுப்படியாகும். ஆனால் முதல் தெருவுக்கும் மூன்றாம் தெருவுக்கும் பிள்ளையார் சதுர்த்தி வசூலிலேயே பேச்சுவார்த்தை இல்லாத நகர்கள் உண்டு!

வேலை நடக்கும் நாளில் சங்கத்திலிருந்து இரண்டு பேராவது தெருவில் நிற்க வேண்டும். டீ வாங்கிக் கொடுக்க மட்டும் அல்ல. முதலில் பார்க்க வேண்டியது சுத்தம். தென்னந்துடைப்பத்தால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு மண்ணின் மேலேயே தார் ஊற்றுவார்கள். காற்றடித்துத் தூசியைப் போக்கச் சொல்ல வேண்டும். அடுத்தது ஒட்டுத் தார். தெளிக்கும்போது பழுப்பாக, காபி டிகாஷன் நிறத்தில் இருக்கும். சிறிது நேரத்தில் அதிலுள்ள நீர் பிரிந்து கறுப்பாகும். கறுத்த பிறகுதான் மேலே கலவை கொட்ட வேண்டும். அந்தப் பத்து இருபது நிமிடம் பொறுக்காமல் டிப்பரைத் தூக்குகிறவர்களைத் தடுப்பதுதான் அன்றைய நாளின் பெரிய வேலை.

டிப்பரின் தார்ப்பாயை விலக்கியதும் ஆவி பறக்க வேண்டும். நீலப் புகை வந்தால் தார் கருகியிருக்கிறது. கலவை திரிதிரியாக, மினுமினுப்பு இல்லாமல் இருந்தால் ஆறிப்போய்விட்டது. பிளாண்டிலிருந்து 150 டிகிரி போலக் கிளம்பும் கலவை, 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் தன் வேலையை முடித்தாக வேண்டும். பிளாண்ட் எங்கே, நடுவில் எத்தனை டிராபிக் என்பதை ஒப்பந்தம் போடும் முன்பே கேட்பது நல்லது. ரோலர் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி வர வேண்டும். நடுவில் தொடங்கினால் மேடு தட்டையாகிவிடும். உருளையில் தார் ஒட்டாமலிருக்கத் தண்ணீர் போதும். டீசல் துணியால் துடைத்தால் டீசல் தாரைக் கரைக்கும், அந்த இடம் முதலில் பெயரும்.

கணக்கும் ஒன்று உண்டு. 300 அடி நீளம், 20 அடி அகலம், அழுத்திய பின் 30 மில்லிமீட்டர் கனம் என்று பேசியிருந்தால், தேவைப்படும் கலவை ஏறத்தாழ 38 டன். ஒவ்வொரு டிப்பருக்கும் எடைச்சீட்டு இருக்கும். எல்லாவற்றையும் வாங்கிக் கூட்டிப் பாருங்கள். 25 டன்தான் தேறுகிறது என்றால் உங்கள் 30 மில்லிமீட்டர் 20 ஆகிவிட்டது. தெருக்காரர்கள் பெரும்பாலும் கேட்காத சீட்டு இது. கேட்பார்கள் என்று முதலிலேயே தெரிந்தால், கொட்டேஷனே வேறு மாதிரி வரும்.

வேலை முடிந்த மறுநாளே யாராவது ஒரு வேகத்தடை கேட்பார்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் மெல்ல எழுந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் அடங்கும் மேடு. நம் தெருக்களில் கட்டுவது மிஞ்சிய கலவையைக் குவித்த கரை. இடுப்பு எலும்புக்கும் கேடு. குறுக்கே கிடந்து மழைநீரைத் தடுப்பதால் ரோட்டுக்கும் கேடு.

யார் பணம்?

பணம் பிரிப்பதில்தான் நட்பு சோதிக்கப்படும். தெரு முனையில் இருப்பவர் “என் வீட்டு முன்னாடி ரோடு நல்லாத்தானே இருக்கு” என்பார். கடைசி வீட்டுக்காரர்தான் தெரு முழுவதையும் தினமும் பயன்படுத்துகிறார், அவர் அதிகம் தரட்டும் என்பது அவர் வாதம். மூலை வீட்டுக்காரருக்கு இரண்டு பக்கமும் ரோடு; மனை அகலப்படி என்றால் இரு மடங்கு கட்ட நேரும், ஒப்பமாட்டார். வாடகைக்கு இருப்பவர் ஓனரைக் காட்டுவார், ஓனர் துபாயில் இருப்பார். என்னைக் கேட்டால், மனைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்து, காலி மனைக்கும் சேர்த்துப் போடுவதுதான் சண்டை குறைந்த வழி. ரோடு போட்டதும் விலை ஏறுவது காலி மனைக்கும்தான்; அதில் வீடு கட்டும்போது டிப்பர்களும் இதே ரோட்டில்தான் வரப்போகின்றன. கொடுக்காதவரைக் கட்டாயப்படுத்தச் சாதாரணத் தெருச் சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. அந்த மனை விற்பனைக்கு வரும்போது வாங்க வருபவரிடம் பாக்கியைச் சொல்லிவைப்பது சில நகர்களில் நடைமுறையில் உள்ள உபாயம்.

தானப் பத்திரம் பதிவாகி ரோடு உள்ளாட்சிக்குப் போயிருந்தால் முழுப் பணத்தையும் தெருவே போட வேண்டிய அவசியமில்லை. சொல்லப்போனால், அனுமதி இல்லாமல் போடவும் கூடாது. கேட் வைத்து அடைக்கவும் கூடாது. 1997இல் தொடங்கி 2021இல் மறுபடி உயிர்பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டத்தில், மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். பஞ்சாயத்துப் பகுதி என்றால் கிராம சபை இருக்கிறது. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது: குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. புது நகர்க்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, அது ஊர்க்காரர்கள் கூட்டம் என்ற நினைப்பு. ஊர்க்காரர்களுக்கும் இவர்கள் வேற்றாள்தான். நாற்பது குடும்பம் தானப் பத்திர நகலோடு போய் உட்கார்ந்து, தெருவைச் சாலைப் பதிவேட்டில் ஏற்றத் தீர்மானம் கேட்டால், தலைவரால் எளிதில் தள்ள முடியாது. அத்தனையும் வாக்கு.

வேலைக்கு உகந்த காலம் பொங்கல் முடிந்து ஆடி வரை. புரட்டாசியில் அவசரமாகப் போட்டால் அடுத்த மாதமே வடகிழக்குப் பருவமழை வந்து பரிசோதித்துவிடும். சொந்தப் பணத்தில் போடுகிற தெருக்காரர்கள் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு, ஒரு மழைக்காலம் முடிந்த பிறகே. காண்டிராக்டர் முகம் சுளிப்பார், தொகையைக் கொஞ்சம் ஏற்றியும் கேட்பார். கேட்கட்டும். கார்த்திகை முடிந்து அவர் பாக்கிக்கு வரும்போது, மழை விட்டு ஒரு மணி நேரமாகியும் தண்ணீர் நின்ற இடங்களைச் சுண்ணாம்பில் வட்டம் போட்டுக் காட்டி, அவற்றைச் சதுரமாக வெட்டி, ஒட்டுத் தார் அடித்து, நிரப்பி, அழுத்திக் கொடுத்த பிறகு செக்கில் கையெழுத்துப் போடலாம்.